பேட்டர்ன் கண்டுபிடிப்பது, பயன்படுத்துவது: தையல், டிசைன், போட்டோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் தையலும் துணி டிசைனும் சொல்லிக்கொடுக்கிறேன். பிளவுஸ் வெட்டப் பழக வருகிறவர்கள், எம்பிராய்டரிக்கு வருகிறவர்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டம் சுற்றுகிறவர்கள் என்று பலரும் வந்து கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தேவையானதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

புது டிசைனுக்கு யோசனை எங்கே தேடுவது? இணையத்தில் பார்த்தால் எல்லாமே ஒன்றைப் பார்த்து ஒன்று போட்டது மாதிரி இருக்கிறது.

அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் இணையத்தில் கிடைப்பது ஏற்கெனவே ஒருவர் எடுத்துச் சுருக்கிச் சுத்தம் செய்த வடிவம், அதை நீங்கள் மறுபடி எடுத்தால் நகலின் நகல்தான் வரும். நீலகிரியில் இருந்துகொண்டு அதற்கு அவசியமே இல்லை. வாசலுக்கு வந்து எதிர்ச் சரிவைப் பாருங்கள். பார்க்கும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எது திரும்பத் திரும்ப வருகிறது, அது எப்படி இடம் மாறுகிறது, ஏன் அப்படி இருக்கிறது. முதல் இரண்டையும் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். மூன்றாவதைப் பார்ப்பவர்கள் குறைவு, ஆனால் டிசைனுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் செடிகளைப் பெரும்பாலும் சம உயரக் கோட்டை ஒட்டி நடுகிறார்கள், மழைத்தண்ணீர் நேராகக் கீழே பாய்ந்து மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் ஒவ்வொரு வரிசையிலும் வேகம் குறையட்டும் என்பதற்காக. இது தெரியாமல் வரைகிறவர் சும்மா வளைந்த கோடுகளைச் சம இடைவெளியில் போடுவார், பார்த்தால் தேயிலை மாதிரியே இருக்காது. காரணம் தெரிந்தவர் மலையின் மடிப்பை முதலில் போட்டுவிட்டு அதைச் சுற்றிக் கோட்டை ஓட விடுவார். செங்குத்தான சரிவு நமக்கு நேர் முகமாக நிற்பதால் அங்கே வரிசைகள் அகலமாகத் தெரியும், படுத்த சரிவில் நெருங்கித் தெரியும். நடுவில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அந்தக் கோடுகளை அங்கங்கே நிறுத்தும். இந்த மூன்றையும் வைத்து ஒரு சேலை பார்டரே போட்டுவிடலாம், அது யாருடைய நகலும் ஆகாது.

கேத்தி பள்ளத்தாக்கில் காரட், உருளைக்கிழங்குப் பாத்திகள், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தகரக் கூரை அலைகள், ஓட்டுக் கூரையில் ஓடு மேல் ஓடு ஏறி உட்காரும் விதம், ஓடைக்கரை மரப்பெரணியின் சுருண்ட குருத்து, டிசம்பர் ஜனவரியில் தலைக்குந்தா புல்வெளியில் படியும் உறைபனி, இப்படி நம்மிடம் இருப்பதை எண்ணி முடியாது.

ஒரு வடிவத்தில் "அலகு" எது என்று எப்படிப் பிரிப்பது? பார்த்தால் எல்லாம் கலந்து தெரிகிறது.

கண்ணால் மட்டும் பார்த்தால் கலந்துதான் தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் சின்ன சதுர ஓட்டை வெட்டி, அதைத் துணி மேலோ போட்டோ மேலோ வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஓட்டைக்குள் தெரிந்தது அச்சு அசலாக மறுபடி தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தத் தூரம்தான் ரிப்பீட், அதற்குள் அடங்குவதுதான் அலகு. அகலத்தில் ஒரு முறை, உயரத்தில் ஒரு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அது எப்படி நகர்கிறது என்று பாருங்கள். நகர்வில் நாலு வகைதான் உண்டு: அப்படியே தள்ளி வைப்பது, கண்ணாடியில் போலத் திருப்புவது, ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழற்றுவது, திருப்பிக்கொண்டே தள்ளுவது. கடைசியாகச் சொன்னது ஈர மண்ணில் நடந்துபோன காலடித் தடத்தில் இருக்கும், இடது வலது என்று மாறி மாறி. இந்த நாலையும் எப்படிக் கலந்தாலும் ஒரு பார்டரில் 7 விதமான அமைப்புக்கு மேல் வராது, ஒரு பரப்பு முழுக்க நிரப்பினால் 17 விதத்துக்கு மேல் வராது. பரப்புக்கு 17தான் என்பதை ரஷ்யாவின் படிகவியலாளர் ஃபெடரோவ் 1891இல் நிறுவினார். 17 என்பது பயமுறுத்தும் எண் இல்லை, உங்கள் கையில் இருக்கிற துணி அதில் ஏதாவது ஒன்றுதான் என்று தெரிந்தால் தேடுவது எளிதாகிவிடும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும், புள்ளி வைத்து ஒரு கால்பங்கை மட்டும் யோசித்து மீதியைத் திருப்பித் திருப்பிப் போடுவது நம் வீட்டு வாசலில் தினமும் நடக்கிற வேலை.

ஹாஃப் டிராப் ரிப்பீட் என்கிறார்களே, அது என்ன? சாஃப்ட்வேர் இல்லாமல் முடியுமா?

முடியும், சொல்லப்போனால் முதல் தடவை தாளில் செய்வதுதான் நல்லது.

ஒரே வடிவத்தை நேராக அடுக்கினால் தூரத்தில் இருந்து பார்க்கும்போது சதுரக் கட்டம் கட்டமாகத் தெரியும், கண் அந்தக் கோடுகளில் போய் மாட்டிக்கொள்ளும். அடுத்த நெடு வரிசையைப் பாதி உயரம் கீழே இறக்கி வைத்தால் அந்தக் கட்டம் மறைந்துவிடும், அதுதான் ஹாஃப் டிராப். குறுக்கு வரிசையைப் பாதி அகலம் தள்ளி வைத்தால் செங்கல் சுவர் அமைப்பு. நம் மலை ரயிலில் இதே உத்தி இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் இருக்கும்படி மாற்றி வைத்திருப்பார்கள். 12.28 அடிக்கு ஒரு அடி ஏறுகிற பாதையில் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லையாவது பிடித்திருக்க வேண்டும், அதற்காக அந்த மாற்றம். அடுத்த முறை குன்னூர் ஸ்டேஷனில் நிற்கும்போது குனிந்து பாருங்கள், இரண்டே வரிசையில் முழு விஷயமும் புரியும்.

தாளில் செய்வது இப்படி. ஒரு சதுரத் தாளின் நடுவில் மட்டும் வரையுங்கள், ஓரத்தைத் தொட வேண்டாம். தாளை நெடுக்காகப் பாதியாக வெட்டி, இடது பாதியை வலது பக்கமும் வலது பாதியை இடது பக்கமும் மாற்றி வைத்து, பின்னால் டேப் ஒட்டுங்கள். இப்போது ஓரத்தில் இருந்த வெற்றிடம் நடுவில் வந்திருக்கும், அதை நிரப்புங்கள். அப்புறம் குறுக்காக வெட்டி மேலே கீழே மாற்றி, அந்த வெற்றிடத்தையும் நிரப்புங்கள். முடிந்ததும் நாலு நகல் எடுத்து ஒட்டிப் பார்த்தால் இணைப்பே தெரியாது. இது நேர் அடுக்கு. ஹாஃப் டிராப் வேண்டுமென்றால் முதல் வெட்டில் பாதிகளை இடம் மாற்றும்போதே ஒன்றைப் பாதி உயரம் கீழே இறக்கி, கீழே நீட்டிக்கொண்டு இருக்கும் துண்டை வெட்டி அதே பாதியின் மேலே கொண்டுபோய் ஒட்ட வேண்டும். கொஞ்சம் குழப்பமாகத் தோன்றும், கையால் ஒரு முறை செய்துவிட்டால் பிறகு எந்த சாஃப்ட்வேரில் அந்தப் பட்டனை அழுத்தினாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தே அழுத்துவீர்கள்.

தோடர் எம்பிராய்டரியை எப்படிக் கற்றுக்கொள்வது? டிசைன் டிரேஸ் பண்ணக் கிடைக்குமா?

டிரேஸ் பண்ண எதுவும் இல்லை, ஏனென்றால் அங்கே யாரும் வரைவதே இல்லை. நீலகிரியின் பழங்குடியினரான தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைப்பது முழுக்க எண்ணிக்கை வேலை. துணியில் கோடு கிடையாது, சட்டம் கிடையாது. நெடுக்கே ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் விரலால் உணர்ந்து, இத்தனை நூல் மேலே, இத்தனை நூல் கீழே என்று ஊசி போகிறது. பின்பக்கத்திலிருந்து தைத்து வருவார்கள், சற்று மேடாக, சொரசொரப்பாக வருகிற பக்கமே முகப்பு. நூலை இறுக்கி இழுக்காமல் சின்னச் சின்ன வளையமாக விட்டுவிடுவதால் அந்த மேடு கிடைக்கிறது. அவர்கள் போர்த்துகிற பூத்துக்குளி சால்வையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நெசவிலேயே வந்தது என்றுதான் நினைப்பீர்கள், அவ்வளவு நேர்த்தி.

இதிலிருந்து நாம் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறைதான்: படத்தை நினைவு வைக்காமல் எண்ணிக்கையை நினைவு வைப்பது. படத்தை நினைவு வைத்தவருக்குத் துணி மாறினால் கை நின்றுவிடும், எண்ணிக்கையை வைத்திருப்பவர் எந்தத் துணியிலும் தொடங்கலாம். தோடர் வேலையையே கற்க வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரு தோடர் பெண்ணிடம் உட்கார்ந்து, அவர் நேரத்துக்கு உரிய கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்பதில் விரல் எண்ணும் வேகம் வராது.

சரி, அந்த வடிவங்களை என் துணியில் பிரிண்ட் போட்டு விற்கலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில், காரணத்தையும் சொல்கிறேன். தோடர் எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தோடர் நலவாழ்வு சங்கமும், இங்கே கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அமைப்பும், தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் சேர்ந்து வாங்கியது. அந்தப் பெயரைப் போட்டு, அந்த மக்களின் கையே படாத மெஷின் வேலையையோ பிரிண்டையோ விற்பது சட்டப்படி தவறு. "பெயர் போடாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று சிலர் கேட்பார்கள். அப்போதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: ஒரு சால்வைக்கு வாரக் கணக்கில் உட்கார்ந்து நூல் எண்ணுகிற ஒருவரின் விலையை, அதே தோற்றத்தில் இருக்கும் மலிவான பிரிண்ட் கீழே இழுத்துவிடும். ஊட்டிக்கு வருகிற சுற்றுலாக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர்தான், அதில் தைக்கிற பெண்கள் இன்னும் குறைவு. அவர்கள் வேலை பிடித்திருந்தால் அவர்களிடம் வாங்கி, உங்கள் உடையில் ஒரு பாகமாக வைத்துத் தையுங்கள், யார் தைத்தது என்று சொல்லியே விற்கலாம்.

மற்ற டிசைன்கள் பற்றியும் கேட்கிறார்கள், அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் துணி டிசைனை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், 10 ஆண்டு பாதுகாப்பு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதற்கான பதிப்புரிமை (காப்பிரைட்) போய்விடும் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. சொந்தமாக டிசைன் போட்டு விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், நிறைய பேர் கேள்விப்பட்டதே இல்லை.

நூல் எண்ணித் தைக்க எந்தத் துணி நல்லது?

பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரிகிற, ஒரே தடிமனான பருத்தித் துணி. பாப்ளின் வேண்டாம், நெருக்கமாக இருக்கும். வாங்கும் முன் ஒரு அங்குலத்தில் நெடுக்கு நூல் எத்தனை, குறுக்கு நூல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் டிசைன் இழுபடும். அகலத்தில் அங்குலத்துக்கு 40 நூல், உயரத்தில் 32 என்று வைத்துக்கொண்டால், 40க்கு 40 நூலில் போடும் பூ ஒரு அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமுமாக நீண்டு நிற்கும். அதனால் கட்டத்தாளில் அழகாக இருந்தது துணியில் ஏன் கோணலாக வந்தது என்று கேட்பவர்கள் முதலில் இந்த எண்ணிக்கையைப் பாருங்கள். தொடங்குவதற்குப் புள்ளிக் கோலங்களைவிட நல்ல பாடம் இல்லை, நேர்க்கோடு வருகிற கோலங்களை எடுத்துக்கொண்டு ஒரு புள்ளிக்கு நாலு நூல் என்று கணக்கு வைத்தால் போதும்.

இணையத்தில் வாங்கிய பேட்டர்ன் தாளை (துணியின் மேல் வைத்து வெட்டும் அளவுத் தாள்) வீட்டில் பிரிண்ட் எடுத்தேன், உடை சின்னதாகிவிட்டது. ஏன்?

பிரிண்டர் "பக்கத்துக்குப் பொருத்து" என்று தானே சுருக்கியிருக்கும். அமெரிக்காவில் போடுகிற பேட்டர்ன்கள் பல லெட்டர் அளவுத் தாளுக்கு, அதாவது 216க்கு 279 மில்லிமீட்டர், நாம் போடுவது ஏ4, 210க்கு 297. அகலம் போதாததால் பிரிண்டர் சுருக்கிவிடும். 94 சதவீதமாகச் சுருங்கினால் 36 அங்குல மார்பளவு 34க்கும் கீழே இறங்கிவிடும், பிறகு எப்படிப் போட முடியும்? எப்போதும் 100 சதவீதம் என்று வைத்து, முதல் பக்கம் மட்டும் எடுத்து, அதில் இருக்கும் சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்துவிட்டு மீதியை எடுங்கள். பக்கம் பக்கமாக ஒட்ட அலுப்பாக இருந்தால் கட்டட வரைபடம் பிரிண்ட் எடுக்கும் கடையில் கொடுத்தால் ஒரே பெரிய தாளாக வந்துவிடும்.

இன்னும் இரண்டு கவனிக்க வேண்டியவை. தையலுக்கு விடும் துணி சேர்த்து வரைந்திருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். அமெரிக்கப் பேட்டர்ன்களில் பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டர் சேர்ந்தே இருக்கும், சில ஐரோப்பியப் பத்திரிகைப் பேட்டர்ன்களில் இருக்காது. நம் வழக்கம் வேறு, பக்கவாட்டில் ஒரு அங்குலமாவது உள்ளே விட்டால்தான் பின்னால் பிரித்துத் தைக்க முடியும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது, சைஸ் எண்ணை நம்பாதீர்கள், அளவுப் பட்டியலை மட்டும் பாருங்கள். பல சைஸில் தாள் பேட்டர்ன் விற்கும் பழக்கம் 1863இல் அமெரிக்கத் தையல்காரர் எபெனேசர் பட்டரிக் தொடங்கியது, இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒரு கம்பெனியின் 12 இன்னொரு கம்பெனியின் 12க்குச் சமமாக இல்லை.

எனக்குப் பேட்டர்ன் தாளே வேண்டாம், நன்றாகப் பொருந்துகிற பிளவுஸ் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து எடுக்க முடியுமா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நம் ஊரில் டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துத்தானே பழக்கம், அந்த ஜாக்கெட்டே ஒரு பேட்டர்ன் தான், உங்கள் உடம்புக்கென்று ஏற்கெனவே சரி செய்த பேட்டர்ன்.

பழசாகி இனிமேல் போடப் போவதில்லை என்ற பிளவுஸாக இருந்தால் மிகவும் நல்லது. ஒரு பாதியை மட்டும் தையல் பிரித்து எடுங்கள், மறுபாதி அப்படியே இருக்கட்டும், எது எதோடு சேர்ந்திருந்தது என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள. பிரிக்கும் முன்பே டார்ட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் இடம்) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கை எந்த இடத்தில் தோளோடு சேர்கிறது, பட்டி எங்கே இணைகிறது என்று சாக்கால் குறித்துவிடுங்கள். பிரித்த துண்டுகளை இழுக்காமல் அயர்ன் செய்யுங்கள், இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைப்பது நல்லது. கைக்குழியும் கழுத்தும் பல வருடம் போட்டதில் நீண்டிருக்கும், ஏனென்றால் அங்கே துணி கிராஸாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வளைவுகளை மட்டும் பிரிக்காத பாதியோடு ஒப்பிட்டு, டேப்பை நிமிர்த்தி வைத்து அளந்து, தாளில் சரி செய்யுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பாவு ஓடும் திசையை ஒரு அம்புக்குறியாகப் போடுங்கள். இதை விட்டுவிட்டால் வரைந்தது எல்லாம் வீண், புதுத் துணியில் அந்தத் திசை மாறினால் அதே அளவில் வெட்டியும் வேறு மாதிரித் தொங்கும்.

தாளில் எடுத்ததும் நேராகப் பட்டுத் துணியில் போய் வெட்டாதீர்கள். காடாத் துணியில் ஒன்று வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கும்போது இழுக்கிறதா, முதுகில் மடிகிறதா என்று பார்த்துத் தாளைத் திருத்துங்கள். இதற்குச் செலவாகும் காடா ஒரு மீட்டருக்கும் கம்மி.

கட்டம் போட்ட செக்ஸ் துணி, கோடு போட்ட துணி வெட்டும்போது எப்படிப் பொருத்துவது? எவ்வளவு துணி கூடுதலாக வாங்கணும்?

முதலில் அளக்க வேண்டியது ரிப்பீட், மேலே சொன்ன அதே வழி. முக்கியமான ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரிப்பீட் கூடுதல் என்பது பாதுகாப்பான கணக்கு. முன்பாகம், பின்பாகம், கை என்று மூன்று, ரிப்பீட் 4 அங்குலம் என்றால் 12 அங்குலம் கூடுதலாக வாங்குங்கள்.

கோட்டை வெட்டும் ஓரத்தில் பொருத்தக் கூடாது, தையல் விழும் கோட்டில் பொருத்த வேண்டும். துணி விளிம்பில் செக்ஸ் சேர்ந்து நின்றாலும், அரை அங்குலம் உள்ளே தைத்ததும் விலகிவிடும். அதனால் பேட்டர்ன் தாளில் தையல் கோட்டையும் வரைந்துவிட்டு, அந்தக் கோடு எந்தச் செக்ஸில் விழுகிறது என்று பென்சிலால் குறித்து, அடுத்த துண்டையும் அதே இடத்தில் வையுங்கள். இரண்டாக மடித்து வெட்டுவதைவிட ஒற்றையாக வெட்டுவது நல்லது, மடித்தால் கீழே இருக்கும் துணி நழுவியது தெரியாது. செக்ஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கட்டத்தின் மூலையிலிருந்து மூலைக்கு மடியுங்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் சமச் செக்ஸ், தலைகீழாகவும் வெட்டலாம். உட்காராவிட்டால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில்தான் வெட்ட வேண்டும், துணி இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். டார்ட் வருகிற இடத்தில் கோடு உடையத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. பக்கவாட்டுத் தையலும் கையும் சரியாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தைப் போட்டோ எடுத்தால் சாதாரண பச்சையாகவே வருகிறது, நேரில் பார்த்த வரிசை தெரிவதில்லை.

பெரும்பாலும் இரண்டு காரணம். உச்சி வெயிலில் எடுத்திருப்பீர்கள், அல்லது அகல லென்ஸில் எடுத்திருப்பீர்கள். செடி வரிசைகளுக்கு நடுவே நிழல் விழுந்தால்தான் கோடு தெரியும், அதற்கு வெயில் சாய்வாக வர வேண்டும், காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நாலரைக்கு மேலோ. போனில் சும்மா திறந்ததும் வருகிற லென்ஸ் வானம், ரோடு, வேலி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடும். 2 அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறி, வானத்தை வெளியே தள்ளி, ஓரம் முதல் ஓரம் வரை வரிசைகளால் நிரப்புங்கள். ஓரம் தெரியாதபோது கண் அதை முடிவில்லாமல் நீளுவதாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதை ஒரே ஒரு இடத்தில் உடையுங்கள், ஒரு சில்வர் ஓக் மரமோ, கவாத்து செய்து மொட்டையாக நிற்கும் ஒரு பகுதியோ, சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவரோ. உடைக்கிற பொருள் நடுவில் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும்.

குன்னூரில் டால்பின்ஸ் நோஸ், லேம்ஸ் ராக் போகும் வழி, கோடநாடு காட்சிமுனைப் பாதை, இவற்றில் எதிர்ச் சரிவு நேராகத் தெரியும் வளைவுகள் நிறைய. காட்சிமுனையைவிட வழியில் வரும் வளைவுகளில்தான் நல்ல படம் கிடைக்கும். எஸ்டேட் தனியார் இடம், உள்ளே இறங்கும் முன் கேளுங்கள். இலை பறிக்கிறவர்களை முகம் தெரிய எடுப்பதாக இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போனால் கோயில் பக்கம் கேமராவைத் திருப்பும் முன் கட்டாயம் கேட்க வேண்டும்.

மூடுபனியில் படம் சாம்பலாக வருகிறது என்றும் சொல்வார்கள். கேமரா வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கிவிடும், வெளிச்ச அளவான எக்ஸ்போஷரைப் பிளஸ் 0.7இலிருந்து 1 வரை ஏற்றுங்கள்.

வண்ணம் கண்ணை ஏமாற்றினால் போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள், வடிவம் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியின் "இந்து" கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த படங்கள் இந்த மாவட்டத்து வீடுகளில் பழைய ஆல்பங்களில் இருக்கும், எடுத்துப் பார்த்தால் நிழலை வைத்தே எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும்.

தைத்த துணியைப் போட்டோ எடுத்தால் அலை அலையாக ஏதோ வருகிறது. துணியில் அப்படி இல்லையே?

அது மோரே. துணியின் நூல்கள் ஒரு கட்டம், கேமரா சென்சாரின் புள்ளிகள் இன்னொரு கட்டம், இரண்டின் இடைவெளியும் கிட்டத்தட்டச் சமமாகும்போது மூன்றாவதாக ஒரு அலை தோன்றும். மெல்லிய கோடு போட்ட சட்டை, நெருக்கமான செக்ஸ் இவற்றில் அதிகம் வரும். ஓர் அடி முன்னாலோ பின்னாலோ நகருங்கள், அல்லது கேமராவைக் கொஞ்சம் சாய்த்து எடுங்கள், போய்விடும். கடையில் எல்இடி விளக்கின் கீழ் பட்டை பட்டையாக வந்தால் அது வேறு, விளக்கு மினுக்குவது. ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். துணி படம் எடுக்க நம் ஊரின் மேகமூட்டமான நாள்தான் சிறந்தது, நிழல் விழாது. ஆனால் படம் நீலம் அடிக்கும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்ய எளிது.

போட்டோவில் பிடித்த வடிவத்தை எம்பிராய்டரியாக மாற்றுவது எப்படி?

படத்தைக் கட்டத்தாளில் அப்படியே ஏற்றுகிற ஆப்கள் இருக்கின்றன, நான் அவற்றைச் சிபாரிசு செய்வதில்லை. முப்பது நிறமும் புரியாத புள்ளிக் கூட்டமும் கொடுக்கும். படத்தைப் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, ஐந்து கோட்டுக்கு மேல் போடக் கூடாது என்று உங்களுக்கே கட்டுப்பாடு வைத்து வரையுங்கள். அந்த ஐந்தில் எது திரும்ப வருகிறதோ அதை மட்டும் எடுத்துக் கட்டத்தாளுக்கு எண்ணாக மாற்றுங்கள். தேயிலைச் சரிவு என்றால் வரிசைகளின் இடைவெளி 3, 5, 8, 5, 3 நூல் என்று விரிந்து சுருங்கினாலே மலையின் வளைவு வந்துவிடும், வளைவாக ஒரு தையலும் போட வேண்டியதில்லை.

தங்க விகிதம் (சுமார் 1.618 என்ற விகிதம்) எல்லாவற்றிலும் இருக்கிறதாமே?

இல்லை. பைக்காரா ரோட்டில் பைன் காய் ஒன்றை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள், செதில்கள் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 என்று சுருள்களாகச் சுற்றுவதைப் பெரும்பாலும் எண்ணலாம், 13ஐ 8ஆல் வகுத்தால் அந்த விகிதத்துக்குப் பக்கத்தில் வரும், அது உண்மை, வளர்ச்சியின் விளைவு. ஆனால் எந்தப் படத்தின் மேலும் ஒரு சுருளை வைத்து "பொருந்துகிறது" என்பது வேறு. உங்கள் டிசைனுக்கு அது அவசியம் இல்லை.

மழைக்காலத்தில் பேட்டர்ன் தாள்கள் நெளிந்து பூஞ்சை பிடிக்கின்றன. எப்படி வைப்பது?

ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் பார்க்கிற ஊர் இது, பழுப்புத் தாள் ஈரம் குடித்துக் கொஞ்சம் நீளவும் செய்யும். அடிக்கடி பயன்படுத்தும் அடிப்படைப் பேட்டர்ன்களை லைனிங்குக்குப் போடும் ஒட்டாத கேன்வாஸில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், அது நெளியாது, கிழியாது. தாளில்தான் வைக்க வேண்டும் என்றால் மடிக்காமல் சுருட்டி, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள், ஜெல்லை மாதம் ஒரு முறை அடுப்புச் சூட்டில் காயவைத்தால் மறுபடி ஈரத்தை உறிஞ்சும். சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் பெயர், தேதி, மார்பளவு, தையல் துணி சேர்ந்திருக்கிறதா என்பது, ஒரு இரண்டு அங்குலச் சோதனைக் கோடு, இவை இருக்கட்டும். அந்தக் கோட்டை வெட்டும் முன் அளந்து பார்த்தால் தாள் நீண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கேமரா லென்ஸுக்கும் இதே டப்பா முறைதான், லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டால் துடைத்துப் போக்க முடியாது. வெயில் அடிக்கிற நாளில் வெளியே எடுத்துப் பயன்படுத்துவது மூடியே வைப்பதைவிட நல்லது.